வீட்டுப் பாகு

ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனால் சக்கை காயாது. கரும்பைப் பிழிந்து போட்ட சக்கைதான் வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குச் சோறு. அது ஈரமாக இருந்தால் அடுப்பு முக்கி முனகிக்கொண்டு கிடக்கும். கொப்பரையில் ஊற்றிய சாறு கொதிக்காமல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பொங்கல் நெருங்க நெருங்க விழுப்புரத்து மண்டிக்காரர்கள் ஃபோனைக் கீழே வைக்க விட மாட்டார்கள். திருவெண்ணெய்நல்லூர் போகும் சாலையோரத்தில் ஆலைக் கொட்டகை போட்டிருந்த அடைக்கலராஜுக்கு வருஷா வருஷம் இந்தத் தலைவலி உண்டு.

தலைவலிக்கு மருந்து கொண்டுவந்தவன் சவுரிராயன். திண்டிவனம் பக்கத்தில் செருப்பும் கைப்பையும் தைக்கிற ஏதோ ஒரு கம்பெனியில் கழித்துப் போட்ட ரெக்சின் துண்டுகளையும் பிளாஸ்டிக் குப்பைகளையும் மூட்டை மூட்டையாகக் கட்டி, குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். சிவப்பு, பச்சை, தங்கக் கலர் என்று திருவிழாத் தோரணம் போல இருந்தது சரக்கு.

"இது இன்னா தெரியுமாண்ணே? பூமிக்குள்ளேர்ந்து எடுக்கற எண்ணெயில செஞ்சது. பெட்ரோலுக்குக் கூடப் பொறந்தது. எரியாம எங்க போவும்?" என்றான் சவுரிராயன்.

எரிந்தது. நனைந்த சக்கையோடு ஒரு கூடை தள்ளினால் போதும், அடுப்பு கொட்டகைக் கூரையைத் தொடுகிற மாதிரி சீறியது. சவுக்குக் கட்டையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் தோலும் வாங்கிக் கட்டுப்படியாகாதவருக்கு இது சும்மா கிடைத்த மாதிரி இருந்தது. கொட்டகையில் வேலை செய்தவர்கள் அதற்குக் 'கலர் சக்கை' என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்துவிட்டால் எதுவும் பழகிவிடுகிறது. கறுப்புப் புகை பழகிவிட்டது. பஸ் கொட்டகையைத் தாண்டும்போது ஜன்னலோரத்துப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வதும் பழகிவிட்டது. வாய்க்கால் கரையில் சாம்பல் கொட்டிய இடத்தில் அருகம்புல்கூட முளைக்காமல் போனதை மட்டும் அடைக்கலராஜ் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். அவருக்கு அப்படி ஒரு சாமர்த்தியம்.

முதல் வருஷம் அந்த வெல்லத்தில்தான் அவர் வீட்டிலும் பொங்கல் வைத்தார்கள். அவர் மனைவி ரோஸ்லின் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, தட்டைத் தள்ளினாள்.

"இன்னாங்க இது, புதுச் செருப்பு வாசன வருது?"

மண்டிக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் வெல்லத்தின் நிறத்தைத்தான் பார்த்தார்கள், பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் தூக்கிக்கொண்டு போனார்கள். மனைவியிடம் அடைக்கலராஜ், "ஒனக்கு மூக்கு நீளம்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அவரும் இரண்டாவது வாய் எடுக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், வெயில் கண்ட நாளாகப் பார்த்து, நன்றாகக் காய்ந்த சக்கையைத் தனியே எடுத்து வைத்து, அதை மட்டும் எரித்து ஒரு கொப்பரை காய்ச்சுவார்கள். அந்த வெல்லம் அவர் வீட்டுக்கு, திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் டயானாவின் மாமியார் வீட்டுக்கு, மாதா கோயில் வாசலில் வைக்கிற பொங்கலுக்கு. டயானாவின் மாமியார் அந்த வெல்லத்தைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசுவாள். பங்குச் சாமியார் பூசை முடிந்து வெல்லம் கொடுத்தவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அடைக்கலராஜ் கைகட்டிக்கொண்டு நிற்பார், ஏதோ அடக்கம் மாதிரி.

அதற்கு வீட்டுப் பாகு என்று பெயர். அன்று காலையில் அவர் அடுப்பு வாய்ப்பக்கம் போய், "இன்னிக்கி காஞ்ச சக்க மட்டும் போதும் குப்பம்மா, மத்தது வேணாம்" என்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவரும் யோசித்துப் பார்த்ததில்லை.

குப்பம்மாள்தான் அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கை தள்ளுகிறவள். கெடார் என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷன் செத்துப்போனான், மகள் மலர்விழியோடும் மகளின் கைக்குழந்தையோடும் காலனியில் இருந்தாள். அடுப்பின் சூட்டையும் புகையையும் முகத்துக்கு நேராக வாங்கிக்கொண்டு உட்கார அவளைவிட்டால் ஆள் கிடையாது. கொப்பரையில் பாகு பதம் பார்க்கிற முத்துசாமி மேலேயிருந்து "தள்ளு" என்றால் தள்ளுவாள், "நிறுத்து" என்றால் நிறுத்துவாள். கொஞ்ச வருஷமாக இரண்டுக்கும் நடுவில் இருமினாள்.

அந்த வருஷம், வீட்டுக்கு வீடு சர்க்கார் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருஷம், கார்த்திகையில் ஒரு காலை அவள் அடுப்பு வாயிலேயே சாய்ந்துவிட்டாள். மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. முத்துசாமி தூக்கிக்கொண்டு வந்தான். அடைக்கலராஜ் யோசிக்கவில்லை, தன்னுடைய மாருதி வேனில் படுக்கவைத்து விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனார். எந்த முதலாளி இப்படிச் செய்வான் என்று வழியெல்லாம் அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் அவருக்கு உடம்பு கூசும்.

டாக்டர் காந்திமதி நடுவயசு அம்மாள். மூச்சு திரும்புவதற்கு மருந்துப் புகை பிடிக்க வைத்து, எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, குப்பம்மாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்ன வேலைம்மா செய்யறீங்க?"

"வெல்லக் கொட்டாயில அடுப்பு தள்றேம்மா."

"அடுப்புல என்ன போடுவீங்க?"

குப்பம்மாள் வாயைத் திறப்பதற்குள் அடைக்கலராஜ் முந்திக்கொண்டார். "கரும்புச் சக்கதாங்க. வேற இன்னா போடப் போறோம்?"

"டயர், பிளாஸ்டிக், அந்த மாதிரி?"

"அய்யய்ய, அதெல்லாம் இல்லீங்க."

பொய் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கொட்டகைக்கு மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து சீல் வைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவரைப் பேச வைத்தது. ஆனால் பயந்தவன் குரல்கூட அதில் இல்லை. டாக்டர் மறுபடி குப்பம்மாளைப் பார்த்தார். அவள் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "மொதலாளி சொல்றதுதாம்மா" என்றாள்.

சளியில் காசநோய் இல்லை. மருந்தும், வாயில் வைத்து இழுக்கிற குழாயும் கொடுத்து, புகைப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்தால் உலை கொதிக்குமா? ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் அவள் வேலைக்கு வந்து நின்றாள். அடைக்கலராஜ் பெரிய மனசு பண்ணி, வெல்லம் உருட்டுகிற பக்கம் உட்காரச் சொன்னார். அதே கொட்டகை, அதே கூரை, அதே புகை. அடுப்பு வாயில் வைத்த புது ஆள் சரிப்படவில்லை, பாகு முறிந்து போயிற்று. நாலு நாளில் குப்பம்மாள் பழைய இடத்துக்கே போய்விட்டாள். அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரத்தில் வெயில் கண்டது. வீட்டுப் பாகு காய்ச்சினார்கள். அன்று பூராவும் குப்பம்மாள் அடுப்பு வாயில் இருந்தாள், ஒரு தடவைகூட இருமவில்லை. முத்துசாமியைக் கேலி பண்ணிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பழைய குப்பம்மாளாக இருந்தாள். அடைக்கலராஜுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"பாத்தியா, மருந்து வேல செய்யிது" என்றார்.

அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மருந்துதான் காரணம் என்று சொல்ல அவருக்கு நாக்கு வந்தது. மறுநாள் கலர் சக்கையை மறுபடி பிரித்தார்கள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். இந்தத் தடவை உதட்டோடு நகமும் நீலமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீராக நேரம் பிடித்தது. அடைக்கலராஜ் வராந்தாவில் நின்று, தெரிந்த செபங்களையெல்லாம் சொன்னார். அவள் செத்துப்போய்விடக் கூடாது என்றுதான் சொன்னார். அதற்குள்ளேயே, செத்துப்போனால் ஊர் என்ன பேசும் என்கிற கவலையும் கலந்து வந்தது. இரண்டையும் பிரிக்க முடியாமல் செபத்தைப் பாதியில் விட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். குப்பம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் காந்திமதி எக்ஸ்ரேவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்பவுமே இப்படித்தான் இருக்காம்மா, இல்ல என்னிக்காவது நல்லா இருக்குமா?"

குப்பம்மாள் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஒரே ஒரு நாளு நல்லா இருக்கும்மா. வீட்டுப் பாகு காய்ச்சற அன்னிக்கி. எல்லா வருசமும் அப்படித்தான். அது மாதா கோயிலுக்குப் போற பாகு. அன்னிக்கி மட்டும் மாதா என்னப் பாத்துக்கறாங்க."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "அன்னிக்கும் நீங்கதான் அடுப்பு தள்றீங்களா?"

"ஆமாம்மா."

"அதே அடுப்பா?"

"அதேதாம்மா."

எக்ஸ்ரேவைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் அடைக்கலராஜ் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு மட்டும் என்ன வித்தியாசம்?"

தப்பிக்க நல்ல வழி இருந்தது. குப்பம்மாளே திறந்து வைத்த வழி. எல்லாம் மாதாவின் மகிமைதான் டாக்டர் என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தால், டாக்டர் நம்பாமல் போனாலும் குப்பம்மாள் நம்பியிருப்பாள். சாகிற வரைக்கும் நம்பியிருப்பாள். அவர் வாய் அதற்குத் தயாராகக்கூட ஆயிற்று. ஆனால் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் இருக்கிறதே, நீங்களே சொல்லுங்க மொதலாளி என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரியின் மூச்சைத் திருடினது போதாதென்று மாதாவின் பெயரையும் திருடுவதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாதா இல்லீங்க" என்றார். "அன்னிக்கி மட்டும் பிளாஸ்டிக் போட மாட்டோம்."

"பிளாஸ்டிக்கே இல்லன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேங்க. ரெக்சின், பிளாஸ்டிக்கு, எல்லாம் போடறோம். மழ காலத்துல எல்லா நாளும் போடறோம். எங்க வூட்டுக்கு, கோயிலுக்குக் காய்ச்சற அன்னிக்கி மட்டும் போடறது இல்ல."

டாக்டர் காந்திமதி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ரெக்சின் எரிஞ்சா வர்ற புகையில ஆசிட் இருக்குங்க. உள்ள போனா மூச்சுக்குழாய அரிச்சிடும். இன்னும் என்னென்னவோ விஷம் இருக்கு, சாம்பல்ல தங்கும், மண்ணுல தங்கும், ஒடம்புலயும் தங்கும். இதெல்லாம் தெரியாமப் பண்றவங்களுக்கு நான் எடுத்துச் சொல்லலாம். நீங்க தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்க. உங்களுக்கு நான் என்ன சொல்ல?"

பொய்யைவிட உண்மைதான் அடைக்கலராஜை அதிகமாக அம்மணமாக்கியது. இத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லாமல் வைத்திருந்ததை அவர் வாயே போட்டு உடைத்துவிட்டது.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் இனி எந்தப் புகையும் படாமல் இருந்தால் இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், நடக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் சொல்வதற்கில்லை. "எந்தப் புகையும்னா, எதுவும். புரியுதா?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அடைக்கலராஜேதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வேனில் பின்சீட்டில் குப்பம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் தாண்டியதும் அடைக்கலராஜ் ஆரம்பித்தார்.

"இனிமே கலர் சக்க கெடையாது குப்பம்மா. சவுரிராயன வரவே வேணாம்னு சொல்லிட்டேன். ஒனக்கும் ஒக்காந்த வாக்குல வேற வேல தர்றேன், எங்க வூட்டாண்ட" என்றார்.

"ஆவட்டும் மொதலாளி."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஏதாவது சொல்லுவாள் என்று அவர் கண்ணாடியில் பார்த்தார். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று எதிர்பார்த்தார் என்றே சொல்லலாம், மனுஷன் அப்படித்தான். அவள் வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரொம்ப தூரம் போன பிறகு கேட்டாள்.

"அப்ப அது சாமிக்குன்னு இல்லியா மொதலாளி?"

"எது?"

"வீட்டுப் பாகு. சாமிக்குப் போறதுன்னு அன்னிக்கி நாங்க எல்லாருமே தலைக்குக் குளிச்சிட்டு இல்ல வருவோம். பனியில. நானு அதுக்கு மொத நாளு கறி கவிச்சிகூடத் தொட மாட்டேன்."

அடைக்கலராஜ் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். எதிரே வந்த டிராக்டர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் ஒதுங்கத் தோன்றவில்லை. தன் வீட்டுத் தட்டில் செருப்பு நாற்றம் வரக் கூடாது என்று செய்ததை இவர்கள் பக்தி என்று மதித்திருக்கிறார்கள். அவர் மகளின் மாமியார் தின்கிற வெல்லத்துக்காகக் குப்பம்மாள் மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. எங்கேயாவது வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது அவருக்கு.

காலனிக்குள் வேன் நுழைந்தபோது வெளிச்சம் இருந்தது. மழை லேசாகத் தூறி நின்றிருந்தது. குப்பம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி வாசலில் விட்டபோதே அவருக்கு அந்த வாசனை தெரிந்துவிட்டது. கொட்டகையில் வருகிற அதே வாசனை. உள்ளே மலர்விழி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஈர விறகின் நடுவே சிவப்பு ரெக்சின் துண்டு ஒன்று சுருண்டு உருகிக்கொண்டிருந்தது. கூரைக்கடியில் கறுப்பாகப் புகை. பக்கத்தில் ஏணையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூலையில் சர்க்கார் கொடுத்த கேஸ் அடுப்பு, சிலிண்டர் மாற்ற வழியில்லாமல், அரிசி மூட்டைக்கு மணையாக இருந்தது.

"அறிவிருக்கா ஒனக்கு?" என்று கத்தினார் அடைக்கலராஜ். "ஒங்கம்மா சாவப் பொழைக்கக் கெடந்து வந்திருக்கா, புள்ள இங்க தூங்குது, இதப் போயி எரிக்கிற? எங்கேர்ந்து கொண்டாந்த இத?"

மலர்விழி மிரண்டுபோய் எழுந்தாள்.

"நீங்க குடுத்ததுதானே மொதலாளி. தீபாவளிக்கு."

அவர் மறந்தே போயிருந்தார். தீபாவளி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி, அடி மூட்டைகளை எங்கே போடுவது என்று முழித்தபோது, ஆளுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு போங்கள், ஈர விறகு பற்றவைக்க ஆகும் என்று அவர்தான் கொடுத்தார். இடமும் காலியாயிற்று, தர்மம் செய்த மாதிரியும் ஆயிற்று. எல்லோரும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே வந்து தெருவைப் பார்த்தார். சாயங்கால உலை வைக்கிற நேரம். ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை கிளம்பி, ஈரக் காற்றில் மேலே ஏறாமல் தெருவிலேயே படுத்திருந்தது. கூரைக்குக் கூரை அவர் கொடுத்த தர்மம் எரிந்துகொண்டிருந்தது.

மலர்விழியின் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்து, மிச்சமிருந்த மூட்டையை வாங்கி வேனில் போட்டார். குப்பம்மாளையும் குழந்தையையும் வேனிலேயே ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார வைத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். அது முத்துசாமி வீடு. முத்துசாமியின் மனைவி அம்சவள்ளி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தீபாவளிக்குக் குடுத்தேன்ல ஒரு மூட்டை, அது மிச்சம் இருக்குதா?"

"பாதி கெடக்குது மொதலாளி. இன்னாத்துக்கு?"

"திருப்பிக் குடு."

அம்சவள்ளி முகத்தில் ஒரு கேள்வி வந்து போயிற்று. கொடுத்த குப்பையைக்கூடத் திருப்பிக் கேட்கிற மனுஷனா இவர் என்கிற கேள்வி. ஆனால் மரியாதையாக, "ஆலையில எரிக்கத் தட்டுப்பாடா?" என்று அவளே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆமா" என்றார் அடைக்கலராஜ்.

மூட்டையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். நாலு எட்டுதான் நடந்திருப்பார். மறுபடியும் பொய். அதே மாதிரி, வழுக்கிக்கொண்டு வந்த பொய். தட்டுப்பாடு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனால், நாளைக்கே இவர்கள் குப்பைமேட்டில் பால் கவரைப் பொறுக்கி அடுப்பில் போடுவார்கள். கஞ்சன் என்று நினைக்கட்டும் என்று விட்டுவிடுவது சுலபம். கஞ்சன் என்ற பெயர் அவர் செய்த காரியத்துக்கு ரொம்ப மரியாதையான பெயர்.

திரும்பி வந்தார். அம்சவள்ளி இன்னும் வாசலில்தான் நின்றாள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"தட்டுப்பாடு இல்லம்மா. அது வெசம். அத எரிக்கக் கூடாது. அந்தப் பொகையாலதான் குப்பம்மாளுக்கு இப்பிடி ஆச்சி."

"அப்படியா மொதலாளி? யாரு சொன்னாங்க, டாக்டரா?"

ஆமாம் என்றால் அதுவும் பாதிப் பொய். "எனக்கு முன்னமே தெரியும்" என்றார். "அதனாலதான் எங்க வூட்டுக்குக் காய்ச்சற அன்னிக்கி அதப் போட வுட மாட்டேன். சாமிக்குன்னு இல்ல. நாங்க துன்றதுல அது படக் கூடாதுன்னுதான்."

அம்சவள்ளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும், வசவு வரும், வரட்டும் என்று அவர் நின்றார். அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். உருண்டை உருண்டையாக வெல்லம், பளிச்சென்று மஞ்சளாக. பொங்கலுக்கென்று போன வாரம் அவர் கையாலேயே வேலையாட்களுக்கெல்லாம் கொடுத்தது.

"இது எந்தப் பாகு மொதலாளி?"

அடைக்கலராஜ் உருண்டைகளைப் பார்த்தார். எந்தப் பாகு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்கிற எண்ணமே அவருக்கு அன்றைக்கு வந்திருக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"ஊருக்குப் போற பாகு" என்றார்.

"என் பேத்திக்குப் பால்ல கரைச்சிக் குடுத்தனே" என்றாள் அம்சவள்ளி, அவரிடம் இல்லை, பொதுவாக.

அவர் கையிலிருந்த மூட்டையின் வாயைப் பிரிக்கச் சொன்னாள். பிரித்துப் பிடித்தார். ரெக்சின் துண்டுகளின் மேல் தூக்குச்சட்டியை அப்படியே கவிழ்த்தாள், அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் சுரண்டிப் போட்டாள். எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பெண் இடுப்புப் பிள்ளையை இறக்கிவிட்டு, "அப்பிடியே புடிச்சிக்கினு இருங்க மொதலாளி, எங்க வூட்டுலயும் இருக்குது" என்று உள்ளே ஓடினாள். அடைக்கலராஜ் மூட்டையின் வாயைப் பிடித்தபடியே தெருவில் நின்றார்.